எதிர்வரிசை முகங்கள்

(மாயாபந்தரில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அந்தமானின் மாயாபந்தரும் சென்னையும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. இரண்டும் வடக்கு 13 பாகையை ஒட்டியவை. கிழக்கு மேற்காகப் பார்த்தால் நடுவில் 12 பாகைக்கு மேல் கடல். கடிகாரம் மட்டும் இரண்டு ஊருக்கும் ஒன்று. அதனால் சென்னையில் பொழுது சாய்வதற்கு ஐம்பது நிமிஷம் முன்பே இங்கே சாய்ந்துவிடுகிறது. மார்கழியில் ஐந்து மணிக்கெல்லாம் விளக்குப் போட்டாக வேண்டும். மயிலாப்பூரில் ஆறரை மணி நாடகத்துக்குப் போகிறவர்கள் இன்னும் மாலைக் காப்பியே குடித்திருக்க மாட்டார்கள். மாயாபந்தரில் இரவு தொடங்கிவிட்டிருக்கும். நாடகம் பார்ப்பதற்கென்றே இயற்கை ஒதுக்கிக் கொடுத்த நேரம் இந்த ஊருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது.

இந்தப் பேச்சு நாடகத்தைப் பற்றியதல்ல. நாடகம் பார்க்க வந்தவர்களைப் பற்றியது. இரவில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கூத்துக்கோ நாடகத்துக்கோ போகிறவர்கள் மேடையைப் பார்க்கிற அளவுக்கு ஒருவரையொருவரும் பார்க்கிறார்கள். யார் வந்திருக்கிறார், யாரோடு வந்திருக்கிறார், எந்த இடத்தில் சிரித்தார், எந்த இடத்தில் தூங்கினார் என்பதெல்லாம் மறுநாள் கிணற்றடியில் கதையோடு சேர்ந்தே பேசப்படும். இதைத் தமிழ் மேடை வெகுகாலம் ஒரு குறையாக நினைத்ததே இல்லை. அதற்குத் தோதாகத்தான் இடத்தையும் விளக்கையும் நேரத்தையும் அமைத்துக்கொண்டது. அந்த ஏற்பாடு எப்படி இருந்தது, எங்கே கைவிட்டுப் போனது என்று பார்க்கலாம்.

தமிழில் கூட்டத்தை வேடிக்கை பார்க்கப் புறப்பட்ட முதல் தம்பதி என்று ஒரு ஜோடியைச் சொல்லலாம். சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் வருகிறார்கள். வெள்ளிமலையில் வாழும் ஒரு விஞ்சையன், தன் காதலியை அழைத்துக்கொண்டு புகாரின் இந்திர விழாவைக் காட்ட வருகிறான். வழியில் இமயம், கங்கை, உஞ்சை நகர், விந்தியக் காடு, வேங்கடமலை எல்லாம் காட்டிக்கொண்டே வந்து, காவிரி பாயும் நாட்டில் இறங்கி, மாதவி ஆடிய பதினோரு ஆடலையும் ஒவ்வொன்றாகச் சுட்டி விளக்குகிறான். இருவரும் யார் கண்ணுக்கும் தெரிய மாட்டார்கள். கூட்டத்துக்குள்ளே இருக்கிறார்கள், கூட்டம் அவர்களைப் பார்ப்பதில்லை. இந்த விஞ்சையன் பின்னால் இந்தப் பேச்சில் இன்னொரு முறை வருவான். அதுவரை அவன் வானத்திலேயே இருக்கட்டும்.

அதே காப்பியத்தின் அரங்கேற்று காதை மேடைக்கு அளவு சொல்கிறது. ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். கோல் என்பது இருபத்துநான்கு பெருவிரல் அளவு. உள்ளே வர ஒரு வாயில், வெளியே போக ஒரு வாயில். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று திரைகள் மூன்று. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, தூண்களின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும் என்றும் ஒரு குறிப்பு. ஆடுபவள் முகம் அவைக்கு மறையக்கூடாது என்ற கவலை அதில் தெரிகிறது. அந்த விளக்கு வெளிச்சத்தில் அவையும் மேடைக்குத் தெரிந்தே இருந்திருக்கும். அன்று அரசன் முன்னிலையில் ஆடித்தான் மாதவி ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பெற்றாள். பார்க்க வந்தவர்களில் யார் பெரியவர் என்பது ஆட்டத்தின் முடிவையே தீர்மானித்த இடம் அது.

இனிக் கூத்துக்கு வரலாம். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பார்வையாளர்களைப் பார்ப்பதற்குக் கூத்தை விட நல்ல இடம் தமிழ்நாட்டில் கிடையாது.

காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதத் திருவிழா நடக்கும். பகலில் பிரசங்கியார் பாரதம் சொல்வார்; இரவில் அதே கதை கூத்தாகும். இரவு பத்து மணிக்கு மேல் மிருதங்கமும் முகவீணையும் ஆரம்பித்தால் விடியும் வரை ஓயாது. முன்வரிசையில் மண்ணில் பிள்ளைகள். அவர்களுக்குப் பின்னால் பாய் விரித்துப் பெண்கள், மடியில் கைக்குழந்தை. இன்னொரு பக்கம் ஆண்கள். வெளிவட்டத்தில், பனிக்குத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, உட்காரவும் மனமில்லாமல் போகவும் மனமில்லாமல் நிற்கிற ஒரு கூட்டம். அதற்கும் வெளியே டீக்கடை, பொரிக்கடை, வேர்க்கடலை, வளையல், பலூன். முன்பு தீப்பந்தம், பிறகு பெட்ரோமாக்ஸ், இப்போது குழல்விளக்கு. எந்தக் காலத்திலும் விளக்கு ஆடுகிறவருக்கு மட்டும் என்று பிரித்து வைக்கப்பட்டதில்லை.

ராஜா வேடம் நேராக வந்து நிற்காது. இரண்டு பேர் பிடித்த ஒரு துணித்திரைக்குப் பின்னால் நின்று பாடும். கிரீடத்தின் நுனி தெரியும், சலங்கைக் கால் தெரியும், முகம் தெரியாது. திரை விலகப்போகும் அந்தக் கொஞ்ச நேரத்தில் வேடத்தைப் பார்ப்பதை விடப் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பது சுகம். பயந்து பின்னால் நகர்வார்கள். நகர்ந்தவனைப் பார்த்து நகராதவன் சிரிப்பான். துரியோதனன் சபைக்குள் பாய்ந்ததும் சிரித்தவன்தான் முதலில் எழுந்து அம்மாவிடம் ஓடுவான்.

கட்டியங்காரன் என்று ஒருவன் இருக்கிறான். ராஜாவுக்குச் சேவகன், கதைக்கு விளக்கம் சொல்பவன், கோமாளி, எல்லாம் அவனே. அவனுக்கு இன்னொரு வேலையும் உண்டு: கூட்டத்தைக் கண்காணிப்பது. குறட்டை விடுகிறவரைப் பெயர் சொல்லாமல் ஊருக்கே தெரியும்படி கிண்டல் செய்வான். ஊர்ப் பெரியவரின் கஞ்சத்தனத்தைத் துரியோதனன் தலையில் கட்டுவான். நடுநடுவே ஆட்டத்தை நிறுத்தி, இன்னார் மகன் இன்னார் இத்தனை ரூபாய் அன்பளிப்பு கொடுத்தார் என்று அறிவிப்பும் நடக்கும். பாண்டவர் காடு போகும் துக்கத்துக்கு நடுவே அந்த அறிவிப்பு யாரையும் உறுத்துவதில்லை. கொடுத்தவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று எல்லாத் தலையும் ஒருமுறை திரும்பிவிட்டு மறுபடி காட்டுக்குப் போகும்.

இரண்டு மணிக்கு மேல் பாதிக் கூட்டம் உறங்கிவிடும். இதைக் கண்டு வெளியூரிலிருந்து வந்தவர்கள் முகம் சுளிப்பதுண்டு. சுளிக்கத் தேவையில்லை. கதை எல்லோருக்கும் தெரியும். எந்தக் கட்டத்துக்கு விழிக்க வேண்டும் என்பதும் தெரியும். துகில் உரிகிற கட்டம் நெருங்கும்போது பக்கத்தில் இருப்பவரைத் தட்டி எழுப்புவார்கள். அங்கே ஆட்டம் ஆட்டமாக இருப்பதில்லை. கற்பூரம் ஏற்றப்படும், நடிப்பவருக்கே ஆவேசம் வருவதுண்டு, பெண்கள் கும்பிடுவார்கள். கால்மணி நேரம் முன்பு வாய் திறந்து தூங்கிய முகத்தில் அந்தப் பக்தியைக் காண்பது, இரவெல்லாம் விழித்திருந்ததற்கான கூலி.

அர்ச்சுனன் தபசன்று கதை செங்குத்தாகிவிடும். உயரமான கம்பத்தில் அர்ச்சுனன் வேடக்காரர் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுவார். உச்சியிலிருந்து எலுமிச்சை, விபூதி, வில்வம் இறைப்பார். குழந்தை வரம் வேண்டும் பெண்கள் மடியேந்திக் கீழே நிற்பார்கள். அப்போது ஊர் பார்ப்பது அர்ச்சுனனையா, மடியேந்தி நிற்பவளையா என்று கேட்டால் இரண்டையும்தான். கடைசி நாள் படுகளம். தரையில் மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் படுத்திருப்பான். வேடம் கட்டிய துரியோதனனைப் பீமன் கூட்டத்துக்குள்ளேயே துரத்துவான். சபைக்கும் மேடைக்கும் இடையே இருந்த கொஞ்சநஞ்ச எல்லையும் அன்று காலில் மிதிபட்டுப் போகும்.

புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கூத்தைப் பார்த்து அசந்துபோன ஒரு சென்னைவாசி, கூத்தைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். அந்தக் கட்டுரைகள் ‘அன்று பூட்டிய வண்டி’ என்று நூலாயின. அவர் ந. முத்துசாமி. 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறைக்கு அந்த ஒரு பார்வையாளரின் வியப்பும் ஒரு காரணம்.

மாயாபந்தர்வாசிகளுக்கு இந்த ஏற்பாட்டின் இன்னொரு வடிவம் நன்றாகத் தெரிந்திருக்கும். 1949 முதல் அந்தமானுக்குக் கிழக்கு வங்காள அகதிகள் குடியேற்றப்பட்டார்கள். வட, நடு அந்தமான் கிராமங்களில் பெரும்பான்மை அவர்கள்தான். அவர்களுடைய நாட்டின் நாடகம் ஜாத்ரா. திறந்த வெளியில் வெறும் மேடை, பின்திரை கிடையாது, சுற்றிலும் ஜனம். கூட்டத்தைப் பிளந்துகொண்டு போகும் ஒரு நடைவழியாக நடிகர்கள் வருவார்கள், போவார்கள். கதைக்கு நடுவே எப்போது வேண்டுமானாலும் நுழைந்து பாட்டாலேயே எச்சரிக்கும் ‘விவேக்’ என்ற பாத்திரம் ஒன்று உண்டு. மனச்சாட்சிக்கு உருவம் கொடுத்தது போல. நம்முடைய கட்டியங்காரனுக்குத் தூரத்து உறவு. கொஞ்சம் சிரிப்புக் குறைவு, அவ்வளவுதான்.

மட்டக்களப்பில் இதையே வட்டக்களரி என்பார்கள். வடமோடிக் கூத்தும் தென்மோடிக் கூத்தும் வட்டமான களரியில் ஆடப்பட்டன. ஊர் சுற்றி உட்கார்ந்தது. எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் ஆடுபவரைத் தாண்டி எதிர்ப்பக்கத்துச் சனம் தெரியும். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அந்தக் கூத்துகளைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ போன்றவை படித்தவர்கள் நடுவே கூத்துக்கு மரியாதை தேடித் தந்தன. லாபம் பெரிது. நட்டமும் ஒன்று உண்டு: படச்சட்டம் போன்ற மேடையில் ஏறியதும், எதிர்ப்பக்கத்துச் சனம் இருந்த இடத்தில் திரை வந்துவிட்டது.

மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடிச் சீமையில் ஸ்பெஷல் நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் ஆகியவற்றை இன்றும் கோயில் கொடையன்று இரவு பத்து மணிக்கு ஆரம்பித்து விடியும் வரை ஆடுகிறார்கள். இதன் அதிசயம் என்னவென்றால் ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் ஒரு ஊர், ஆர்மோனியம் இன்னொரு ஊர். ஒத்திகை கிடையாது. நோட்டீசில் போட்டோ போட்டுப் பெயர் அச்சடித்துவிடுவார்கள், மேடையில்தான் சந்திப்பார்கள். யாருக்கு யார் சளைத்தவர் என்பது அன்றைய வாக்குவாதத்தில்தான் தெரியும். வள்ளிக்கும் வேடனுக்கும் நடக்கும் தர்க்கத்தில் ஒருவர் மடக்க, மற்றவர் பதில் சொல்லத் திணறும் நேரத்தில், கூட்டத்தில் இருக்கும் பழம் ரசிகர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைப்பார்கள். அந்தத் தலையசைப்பைத்தான் ஆர்மோனியக்காரர் பக்கவாட்டிலிருந்து கவனித்துக்கொண்டிருப்பார். பாட்டை நீட்டலாமா முடிக்கலாமா என்பதற்கு அது சைகை.

ஆணும் பெண்ணும் அங்கே தனித்தனிப் பக்கம். பபூனும் டான்சும் முதலில் வந்து அரட்டை அடிக்கும் பகுதியில் சிரிப்பு இரண்டு பக்கத்திலும் ஒரே மாதிரி இருக்காது. ஆண்கள் வாய்விட்டுச் சிரிப்பார்கள். பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, ‘சீ’ என்றும் சொல்லிக்கொண்டு, ஒரு வரி விடாமல் கேட்பார்கள். நாகரிகமில்லாத பகுதி என்று படித்தவர்கள் அதை ஒதுக்கினார்கள். ஆனால் ஒரு கிராமத்தில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்ற கோடு எங்கே ஓடுகிறது என்பதை அந்த அரைமணி நேரத்துச் சிரிப்பைப் போல வேறெதுவும் காட்டுவதில்லை.

கும்பகோணத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே வைத்து ஒரு நாடகக் கம்பெனி நடத்தினார். ஆண் வேடமும் பெண்களே. ‘தாரா சசாங்கம்’ நாடகத்துக்குத் திருச்சியிலிருந்தும் மாயவரத்திலிருந்தும் ஜனங்களை ஏற்றிவந்து, முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய்விடத் தனி ரயில்கள் ஓடின என்றும், அவற்றுக்குப் ‘பாலாமணி ஸ்பெஷல்’ என்றே பெயர் என்றும் நாடக உலகத்தார் சொல்லி வந்திருக்கிறார்கள். அந்த ரயிலின் மூன்றாம் வகுப்புப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். வீட்டில் வேறு காரணம் சொல்லிவிட்டு வந்தவர், தஞ்சாவூர் ஸ்டேஷனில் சம்பந்தியைப் பார்த்துவிடுகிறார். இருவரும் ஒரே நாடகத்துக்குத்தான் போகிறார்கள். இருவரும் அதைச் சொல்லப் போவதில்லை.

வேடிக்கை பார்க்க வராமல் உளவு பார்க்க வந்தவர்களும் சபையில் உண்டு. 1876ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிச் சட்டம் வெள்ளை அரசாங்கத்துக்கு நாடகத்தைத் தடுக்கும் அதிகாரம் கொடுத்தது. தியாகி விசுவநாததாஸ் நாடகம் என்றால் போலீசாரும் வந்து உட்கார்ந்திருப்பார்கள். வள்ளி திருமணத்தில் தினைப்புனத்துப் பறவைகளை விரட்டும் காட்சியில், வெள்ளைக் கொக்கைச் சாடி ஒரு பாட்டு. கொக்கைத்தான் பாடினார் என்று சட்டப்படி சொல்லிவிடலாம். யாரைப் பாடினார் என்பது ஆயிரம் பேருக்குத் தெரியும். அது அவர்களுக்குத் தெரியும் என்பது போலீஸ்காரருக்கும் தெரியும். மேடையில் வாயசைத்தவர் ஒருவர், அர்த்தத்தை முடித்து வைத்தது சபை. கைதட்டலை எப்படிக் குற்றப்பத்திரிகையில் எழுதுவது? பலமுறை சிறைசென்ற விசுவநாததாஸ், 1940 டிசம்பர் 31 அன்று இரவு சென்னையில் முருகன் வேடத்தில் மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர்விட்டார். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது நாடகம் இல்லை என்று புரிய எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்!

எம்.ஆர். ராதா இந்த விளையாட்டைத் தலைகீழாக்கினார். சபை தன்னைப் பார்ப்பதற்கு முன்னால் தான் சபையைப் பார்ப்பார். திருவாரூர் தங்கராசு எழுதிய ‘ரத்தக்கண்ணீ’ரில் அன்றன்றைக்கு நாளிதழில் வந்த செய்தியெல்லாம் வசனத்தில் ஏறும். எதிரில் முகம் சுளிப்பவருக்கும் பதில் உண்டு. மனம் புண்படுகிறவர்கள் தன் நாடகத்துக்கு வரவேண்டாம் என்று விளம்பரமே செய்தவர். வந்தார்கள், புண்படவும் செய்தார்கள், மறுநாள் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டும் வந்தார்கள். அவர் ராமாயண நாடகம் கிளப்பிய புயலில்தான் 1954இல் சென்னை மாநிலம் நாடகங்களைக் கட்டுப்படுத்தப் புதுச் சட்டம் இயற்றியது. வெள்ளைக்காரன் போய்விட்டிருந்தான், முன்வரிசை போலீஸ்காரர் போகவில்லை.

இப்போது இருட்டுக்கு வருவோம். நாடகசாலையில் பார்வையாளர் பக்கத்து விளக்கை அணைப்பது பழைய வழக்கமே அல்ல. லண்டனில் 1661இல் சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில் ஒரு நாடக இரவைப் பற்றி எழுதுகிறார்: முன்னால் இருந்த பெண்மணி பின்னால் ஆள் இருப்பது தெரியாமல் துப்ப, எச்சில் அவர் மேல் விழுகிறது; திரும்பிப் பார்த்தால் அழகான பெண், ஆகவே கோபம் வரவில்லையாம். இருட்டில் உட்கார்ந்திருந்தால் பீப்ஸுக்குக் கோபம்தான் மிஞ்சியிருக்கும். பாரிசிலும் லண்டனிலும் பணக்காரர்கள் மேடை மேலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து தங்களைக் காட்டிக்கொண்டார்கள். பாரிசின் கொமெடி பிரான்சேஸ் 1759இல்தான் அவர்களைக் கீழே இறக்கியது. 1876இல் ஜெர்மனியின் பைராய்ட் நகரில் இசைநாடக மேதை வாக்னர் தான் கட்டிய அரங்கில் பார்வையாளர் பகுதியை இருட்டாக்கினார். என் படைப்பைப் பார், பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்காதே என்பது அதன் உத்தரவு. மின்விளக்கு வந்தபின் அந்த உத்தரவு உலகம் முழுக்க நிறைவேற்ற எளிதாகிவிட்டது.

தமிழ்நாட்டில் கம்பெனி நாடகக் கொட்டகைகளில் கிட்சன் லைட் இரைந்துகொண்டிருந்த காலத்தில் அந்த உத்தரவு செல்லுபடியாகவில்லை. நல்ல பாட்டுக்கு ‘ஒன்ஸ்மோர்’ கூச்சல் எழும். செத்து விழுந்த பாத்திரம் எழுந்து இன்னொரு முறை பாடிவிட்டுச் செத்த கதைகள் ஏராளம். மைக் இல்லாமலே கடைசித் தரை டிக்கெட் வரை குரலை எறிந்த எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் 1926இல் கொழும்பில் முதன்முதலாகச் சேர்ந்து நடித்தபோது, அவர்கள் இருவர் நடுவே பிறந்த காதலை அவர்களுக்கு முன்பே சபை கண்டுபிடித்திருக்கும். கூட்டத்தின் கண்ணுக்கு அதெல்லாம் தப்பாது.

மாற்றத்தைத் தொடங்கி வைத்தவர் பம்மல் சம்பந்த முதலியார். 1891 ஜூலை 1 அன்று அவருடைய சுகுண விலாச சபை தொடங்கியது. வழக்கறிஞர்களும் அதிகாரிகளும் பொழுதுபோக்காக நடித்த அந்தச் சபை விடிய விடிய ஆடவில்லை. சில மணி நேரத்தில் முடித்தது, சொன்ன நேரத்தில் ஆரம்பித்தது. நாடகத்துக்குப் போவது மதிப்பான காரியம் என்றாயிற்று. மறுநாள் ஆபீசுக்குப் போகிறவர்கள் வந்தார்கள். ராத்திரி முழுக்க விழிக்க முடிந்தவர்கள், அதாவது மறுநாள் ஆபீஸ் இல்லாதவர்கள், வேறு கொட்டகைக்குப் போனார்கள். பார்வையாளர் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது அங்கேதான்.

அந்த வழியில் வந்தவை பிற்காலச் சென்னை சபாக்கள். 1952இல் ஒய்.ஜி. பார்த்தசாரதியின் யுனைடெட் அமெச்சூர் ஆர்டிஸ்ட்ஸ், 1968இல் சோவின் ‘முகமது பின் துக்ளக்’, 1979இல் கிரேஸி மோகனின் கிரேஸி கிரியேஷன்ஸ் என்று அந்தச் சபாக்கள் கொடுத்த சந்தோஷம் குறைவல்ல. மோகன் நாடகத்தில் ஒரு ஜோக்குக்குச் சிரித்து முடிப்பதற்குள் அடுத்தது போய்விடும். இடைவேளையில் கேன்டீன் வாசலில் ஒருவர் விட்டதை மற்றவர் எடுத்துக் கொடுப்பார்கள். நாடகம் அங்கேதான் முழுமையாகும். சபா வாசலில் செயலாளர் கைகூப்பி நிற்பதும், முன்வரிசை நன்கொடையாளர் தாமதமாக வந்து எல்லோரையும் எழுப்பிவிட்டு உட்காருவதும், தலைமை தாங்க வந்தவர் நாடகத்தை விட நீளமாகப் பேசுவதும் பார்க்கத் தகுந்த காட்சிகளே. கச்சேரியில் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் யார் கேன்டீனுக்கு எழுந்து போகிறார் என்று பார்ப்பதற்கென்றே டிசம்பரில் சிலர் உட்கார்ந்திருப்பார்கள்.

ஆனாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். சபாக்கூட்டம் வருஷத்துக்கு வருஷம் ஒரே முகங்களாகச் சுருங்கியது. வந்தவர்களே வந்தார்கள். புதுமுகம் இல்லாத இடத்தில் வேடிக்கை பார்ப்பது வருகைப் பதிவேடு எடுப்பதாகிவிடும். டிவி வந்ததால் சபா நாடகம் தேய்ந்தது என்பார்கள். டிவிக்குப் பங்கு உண்டு. ஆனால் பக்கத்து நாற்காலியில் தனக்குத் தெரியாத மனிதர் யாரும் இல்லாத ஓர் அரங்குக்கும் வீட்டுக் கூடத்துக்கும் வித்தியாசம் ஏற்கெனவே குறைந்திருந்தது. இருட்டில் உட்கார்ந்து மேடையை மட்டும் பார்க்கப் பழகியவர், அதை வீட்டிலேயே செய்யலாம் என்று கண்டுபிடித்ததில் என்ன ஆச்சரியம்?

இருட்டில் உட்கார்ந்து பார்க்கும் காட்சிகளில் அந்தமானில் மிகப் பெரியது செல்லுலார் சிறையின் ஒலி-ஒளிக் காட்சி. 1906இல் கட்டி முடித்த அந்தச் சிறையின் முற்றத்தில் பொழுது சாய்ந்ததும் ஜனம் கூடுகிறது. முற்றத்து அரசமரம் கதை சொல்கிறது. விளக்கு ஒரு ஜன்னலிலிருந்து இன்னொரு ஜன்னலுக்கு நகர்கிறது. மேடையில் ஆளே இல்லை. உயிரோடு இருப்பவர்கள் எதிரில் உட்கார்ந்திருப்பவர்கள் மட்டும். ஏழு கைகளாக விரிந்து, நடுக்கோபுரத்திலிருந்து எல்லாக் கைகளையும் ஒருவன் கண்காணிக்கும்படி கட்டப்பட்ட கட்டடம் அது. கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்க்க முடியாதபடி ஒரு கையின் முன்பக்கம் அடுத்த கையின் முதுகைப் பார்க்கும். மனிதனுக்குத் தண்டனை கொடுக்க நினைத்தவர்கள் முதலில் பறித்தது எதிர்வரிசை முகத்தை.

ஒருபக்கமாக மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தத் தீவுகளில் வேறு சாட்சியும் இருக்கிறது. 1858 தொடக்கத்தில் மௌவாட் என்ற மருத்துவர் தலைமையில் வந்த குழு ஓர் அந்தமான் பழங்குடி இளைஞரைப் பிடித்துக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோனது. ஜாக் என்று பெயர் வைத்து, சட்டை மாட்டி, படம் பிடித்தார்கள். பார்க்கக் கூட்டம் திரண்டது. உடல்நலம் கெட்டதும் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். அவர் எந்த நாடகத்துக்கும் நடிகராகச் சம்மதித்தவர் அல்லர். நூற்றைம்பது வருஷம் கழித்தும் பழக்கம் போகவில்லை. மாயாபந்தரிலிருந்து சாலைவழியே தெற்கே போகும் எவரும் கடந்தாக வேண்டிய அந்தமான் டிரங்க் சாலையில், ஜாரவா பழங்குடிப் பெண்களை உணவு காட்டி ஆடச் சொன்ன ஒரு வீடியோ 2012 ஜனவரியில் வெளிவந்து உலகம் தலைகுனிந்தது. அந்த ஆண்டே 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்புச் சட்ட விதிகள் கடுமையாக்கப்பட்டன. அந்தச் சாலையில் வரிசையாகப் போகும் வண்டிகளில் கண்ணாடிக்குப் பின்னால் கேமராவோடு உட்கார்ந்திருப்பவர் அந்தப் பழைய விஞ்சையன்தான்: தான் மட்டும் பார்ப்பான், தன்னை யாரும் பார்க்கக்கூடாது. காப்பியத்து விஞ்சையனால் யாருக்கும் தீங்கில்லை, இவனால் உண்டு. கூத்துக்களத்தில் வேடிக்கை பார்ப்பது நாகரிகமாக இருப்பதற்குக் காரணம், பார்க்கிறவர் தன்னையும் பார்வைக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார் என்பது.

மாயாபந்தருக்கு இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்குக் கிடைக்காத ஒரு வசதி இருக்கிறது. இங்கே ஒரே தெருவில் வங்காளி, தமிழர், தெலுங்கர், ராஞ்சிக்காரர்கள். கொஞ்ச தூரத்தில் வெபியில் 1925இல் பர்மாவிலிருந்து வந்து குடியேறிய கரேன் மக்கள். இந்தக் கூட்டம் ஒன்றாக உட்கார்ந்தால், புரியாத மொழியில் நாடகம் நடந்தாலும் நட்டமில்லை. எதிரே இருப்பவர் எப்போது சிரிக்கிறார், எப்போது கண்ணைத் துடைக்கிறார் என்று பார்த்துக் கதையைப் பிடித்துவிடலாம். வட்டமாக உட்கார்ந்தால் மட்டும்தான் அது முடியும். முதுகைப் பார்த்துக் கதை புரிந்துகொண்டவர் யாரும் கிடையாது.

ஆகவே இங்கே கோயில் கமிட்டியிலும் பூஜைக் கமிட்டியிலும் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மைதானத்தில் கலைநிகழ்ச்சி என்றால், ஒரு மூலையில் உயரமாக மேடை போட்டுப் பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாக அடுக்காதீர்கள். தாழ்வாக ஒரு மேடை, நடுவில். சுற்றிலும் பாய். ஜனங்கள் மேல் ஒன்றிரண்டு விளக்கு எரியட்டும். ஜாத்ரா நடக்கும் இரவில் தமிழ்க் குடும்பங்கள் போய் உட்காரட்டும். வள்ளி திருமணம் நடக்கும் இரவில் வங்காளிகளையும் கரேன் மக்களையும் முன்னமே போய் அழைத்துவிடுங்கள், நோட்டீஸ் ஒட்டினால் மட்டும் போதாது. வருகிறவர்கள் கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு வரட்டும். தலைமை தாங்க யாரையும் கூப்பிட வேண்டாம்.